தம்பியின் ஹெரோயின் நினைவுக்குச் சிகிச்சை எங்கே கிடைக்கும்?
தம்பிக்கு 26 வயது, ஹெரோயின். மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்து 7 வாரம் நன்றாக இருந்தான், அப்புறம் உட்துறைமுக வீதியில் யாரோ ஹெரோயின் புகைக்கச் சிகரெட் ஈயத்தாளை நீவுவதைக் கண்டதும் கை வியர்த்து வயிறு பிசைந்து அன்றிரவே திரும்ப எடுத்துவிட்டான். இது மூன்றாம் முறை. சிம்மை மாற்றினோம், ஆலோசகரிடம் போகிறோம், ஆசையை 0 முதல் 10 வரை கொப்பியில் குறிக்கிறான்: உப்புவெளி வீட்டில் 2, அந்த வீதியில் 9. வெளியூருக்கு அனுப்பச் சொல்கிறார்கள், நினைவும் கூடவே போகுமே! 2012இல் சீன ஆய்வொன்றில் ஹெரோயின் நினைவைச் சிறு வீடியோவால் கிளறி, 10 நிமிடம் கழித்து ஆசையைத் தூண்டும் அதே விஷயங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியதில் ஆசை 6 மாதம் வரை குறைந்திருந்தது. வீட்டில் செய்து பார்க்கப் பயம். இப்படி நினைவைக் குறிவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யாருக்காவது தெரியுமா?