ஸ்டிக்கி பன் சுட்ட ஞாயிற்றுக்கிழமை: உங்க வீட்டில் எப்படி வந்தது?

பிலடெல்பியா பக்கம் குடிவந்து ஒன்பது வருஷம் ஆச்சு. நமக்கு ஞாயிறு காலை பூரி கிழங்கு எப்படியோ, இந்த ஊருக்கு ஸ்டிக்கி பன் அப்படி. மாவைச் சுருட்டி வெட்டி, கேரமல் பாகின் மேல் அடுக்கிச் சுட்டு, பாகு மேலே வரக் கவிழ்க்கிற பன். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் சுட்ட 'ஷ்னெக்கென்' வழி வந்த பன் இது. அந்தச் சொல்லுக்கு நத்தைகள் என்று அர்த்தம். சுருளைப் பார்த்தாலே புரியும். இங்கே 1893இல் திறந்த ரீடிங் டெர்மினல் மார்க்கெட் என்ற பழைய சந்தையில் சூடாக ஒன்று வாங்கிச் சாப்பிட்ட அன்றே, இதை வீட்டில் செய்தே ஆகணும் என்று தோன்றிவிட்டது.

அண்ணன் குடும்பம் வந்த ஒரு ஞாயிறு, பதினோரு மணிச் சாப்பாட்டுக்குச் செய்தேன். மேலே நல்ல பொன்னிறம், வீடெல்லாம் பட்டை வாசனை. தட்டில் கவிழ்த்துப் பிய்த்தால் நடு வரிசை முழுக்கப் பச்சை மாவு! குழந்தைகள் ஓரத்தில் இருந்ததை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டார்கள். அண்ணி ஒன்றும் சொல்லாமல் மாவு அரைத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டு, தோசை ஊற்ற எழுந்துவிட்டார்.

எங்கே தப்பு என்று பிறகுதான் புரிந்தது. இதில் கேரமலும் நட்ஸும் சுடுகிற தட்டுக்குள் பன்னுக்கு அடியில் இருக்கும். ஓவனில் நம் கண்ணுக்குத் தெரிவது கவிழ்த்த பிறகு அடியாகப் போகிற பக்கம். அந்த நிறத்தை நம்பி எடுக்கக் கூடாது. இப்போது நடு பன்னில் தெர்மாமீட்டர் குத்தி 90 டிகிரி செல்சியஸ் காட்டினால்தான் எடுக்கிறேன். 180 டிகிரியில் முப்பது முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் போட்டு மூடிவிடுங்கள்.

என் அளவு, பன்னிரண்டு பன்னுக்கு: மாவு 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 60, உப்பு 8, வெண்ணெய் 75, ஒரு முட்டை, வெதுவெதுப்பான பால் 250 மில்லி. அடியில் ஊற்ற வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 150, இரண்டு ஸ்பூன் தேன், கை நிறைய பீக்கன் (வால்நட் மாதிரி ஒரு பருப்பு). உள்ளே பட்டைத்தூள், உலர் திராட்சை, நறுக்கிய ஏப்ரிகாட். திராட்சையை ஆரஞ்சு ஜூஸில் இருபது நிமிஷம் ஊறவைத்துத் துணியில் ஒற்றி எடுங்கள். அப்படியே போட்டால் மாவின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கருகும்.

சுருளை வெட்ட நான் கத்தி எடுப்பதே இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய பூக்கட்டுற நூலைச் சுருளுக்கு அடியில் விட்டு, இரண்டு முனையையும் மேலே குறுக்காகப் போட்டு இழுத்தால் போதும். ஒரு திராட்சைகூட நசுங்காது, வட்டம் வட்டமாகவே இருக்கும்.

சனி ராத்திரியே தட்டில் அடுக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மாவு மெதுவாகப் புளிக்கும், ருசியும் கூடும். காலையில் எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்து, உப்பிய பிறகு சுடுகிறேன்.

*

லண்டனிலிருந்து ஒரு தங்கை:

அக்கா, இங்கே இதற்கு உறவு மாதிரி செல்சி பன் இருக்கு. அதே சுருள், உள்ளே கரண்ட்ஸ் என்கிற குட்டி உலர் திராட்சை, ஒன்றோடொன்று ஒட்டிச் சதுரமாக வரும். ஆனால் கவிழ்ப்பதில்லை, சுட்ட பிறகு மேலே பாகு தடவுவார்கள். அதைப் பெயர்பெற வைத்த செல்சி பன் ஹவுஸை 1839இல் இடித்துவிட்டார்கள், பன் மட்டும் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கு. உங்க முறையில் கேரமல் போட்டுச் செய்தேன். முழுசாக ஆறவிட்டுக் கவிழ்த்ததில் பாகு இறுகி நட்ஸ் எல்லாம் தட்டோடு தங்கிவிட்டது. எவ்வளவு நேரம் விடணும்?

*

சென்னையிலிருந்து:

நான் முந்திரி, பேரீச்சை, நாட்டுச் சர்க்கரை வைத்துச் செய்கிறேன். நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடுங்கள், கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் கருகும். மே மாசம் இங்கே பால் வெதுவெதுப்பாக இருக்கவே கூடாது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலையே ஊற்றணும். இல்லாவிட்டால் பிசைந்து முடிப்பதற்குள் மாவு பொங்கிவிடும், சுருட்டும்போது வெண்ணெய் உருகி ஒழுகும். இன்னொன்று: பட்டைத்தூளை மாவிலேயே கலந்து ஒருமுறை பிசைந்தேன், உப்பவே இல்லை. பட்டை ஈஸ்ட்டை அடக்கிவிடுமாம். அதிலிருந்து சுருளுக்குள் தூவுவது மட்டும்தான்.

*

லண்டன் தங்கைக்கு: ஐந்து நிமிஷம் கண்ணு, அதற்கு மேல் வேண்டாம். எடுத்த உடனே கவிழ்த்தால் பாகு தண்ணியாக ஓடிக் கையைச் சுட்டுவிடும், கவனம். ஆறிப்போனாலும் பரவாயில்லை; தட்டோடு இரண்டு நிமிஷம் திரும்ப ஓவனில் வைத்தால் பாகு இளகிவிடும். கவிழ்த்த பிறகும் உடனே தூக்காதே, ஒரு நிமிஷம் அப்படியே விடு. மிச்சப் பாகும் பீக்கனும் தானாக இறங்கி பன் மேல் உட்காரும்.

போன வாரம் அண்ணி திரும்ப வந்திருந்தார். இந்தத் தடவை நடு பன்னைத்தான் முதலில் எடுத்தார்.