கார்ப்பல் டனல் வலியோடு தையல் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் தோழிகளே. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கொஞ்ச நாளாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகின்றன. ராத்திரி எழுந்து கையை உதறினால்தான் அடங்குகிறது.

கார்ப்பல் டனல், ஆரம்ப நிலைதான் என்றார் டாக்டர். மணிக்கட்டில் குறுகலான பாதை வழியே போகும் நரம்பு நசுங்குகிறதாம். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அதனால் அது தப்பித்தது. சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் வரும் என்று ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று, இரண்டும் இல்லை. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமலிருக்க ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு, 6 வாரம் கழித்து வரச் சொன்னார்.

ராத்திரி இப்போது பரவாயில்லை. பகல்தான் பாடு. பெரிய கத்தரியால் லைனிங் துணி வெட்டி முடிப்பதற்குள் விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கிறது. கொக்கி வைக்கும்போது ஊசி நழுவுகிறது. துணி பிழிவதை வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன் (அவர் பிழிந்தால் கொடியில் சொட்டிக்கொண்டேதான் இருக்கும், அது வேறு கதை). தேங்காய் துருவுவதையும் ஸ்கூட்டர் ஆக்சிலேட்டரையும் யாரிடம் தள்ளுவது?

கையில் பிடிக்கும் சின்ன மின்சார கட்டர் வாங்கியவர்கள் உண்டா? அதன் அதிர்வு வலியைக் கூட்டுமோ என்று பயம். வியர்வையில் ஸ்பிளின்ட் அரிக்காமலிருக்க என்ன செய்கிறீர்கள்? தைலம் எல்லாம் தேய்த்தாயிற்று, அதை விட்டுவிடுங்கள். முகூர்த்த மாத ஆர்டருக்கு இந்த வாரமே பதில் சொல்ல வேண்டும், வேலையை எவ்வளவு குறைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.