ரெய்னியர் வொண்டர்லேண்ட் பாதை: லாட்டரி விழுந்தும் பெர்மிட் போட முடியவில்லை, வழி சொல்லுங்கள்

மழைக்கோட்டு மாமா கேட்டது:

வணக்கம் மக்களே. சியாட்டில் பக்கம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. வானம் தெளிந்த நாளில் ஆபீஸ் ஜன்னலிலிருந்தே மவுண்ட் ரெய்னியர் தெரியும். அதைச் சுற்றி 93 மைல் போகிற வொண்டர்லேண்ட் பாதையை ஒரு தடவையாவது முழுசாக நடந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நான், மனைவி, இரண்டு நண்பர்கள், ஆக நாலு பேர். எந்த இரவு எந்த கேம்பில் தங்குவது என்று முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும், பிப்ரவரியில் 6 டாலர் கட்டி அதற்கான லாட்டரிக்கு எழுதிப் போட்டேன், மார்ச்சில் "வாழ்த்துகள்" என்று மின்னஞ்சல் வந்ததும் வீட்டில் கேசரி எல்லாம் கிண்டியாகிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, விழுந்தது பெர்மிட் இல்லை, பெர்மிட் போட உட்காருவதற்கான ஒரு நேரம்தான். எனக்குக் கொடுத்திருப்பது ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள். அந்த நேரம் வருவதற்குள் முன்னால் இருப்பவர்கள் எடுத்துக்கொண்டே போகிறார்கள். தினமும் ராத்திரி பெர்மிட் இணையதளத்தைத் திறந்து பார்க்கிறேன், ஆகஸ்ட் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. மலையின் தென்மேற்கில் இருக்கும் லாங்மையரில் சனிக்கிழமை கிளம்பி, வலஞ்சுழியாகப் பத்து நாள், ஒன்பது இரவு என்று எக்செல்லில் அழகாகப் போட்டு வைத்திருந்தேன். ஏழு இரவு சரியாக வருகிறது, சம்மர்லேண்ட், இந்தியன் பார் என்கிற கேம்புகள் இரண்டும் அந்தத் தேதிகளில் காலி இல்லை. ஒரு இரவு இல்லையென்றால் மொத்தத் திட்டமும் படுத்துவிடுகிறது. நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கரடிக்கம்பம் பதில்:

மாமா, நீங்கள் கல்யாண மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் பத்திரிகை அடித்துவிட்டீர்கள். முதல் நாளில் ஆரம்பித்து வரிசையாகப் போட்டால் இந்தப் பாதையில் எப்போதும் எட்டாவது நாளில்தான் மாட்டும். இந்தியன் பாரில் தனி இடம் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. அது போக ஒரு குழு இடம். 93 மைல் சுற்றுகிற அத்தனை பேரும் அந்த மூன்று கூடாரத் தரைக்காகத்தான் அடித்துக்கொள்கிறோம். அதையும் சம்மர்லேண்டையும் விட்டுவிட்டால், கிழக்கே ஒயிட் ரிவரிலிருந்து அடுத்த கேம்பான நிக்கல் க்ரீக் வரைக்கும் ஒரே நாளில் கிட்டத்தட்ட 18 மைல், அதுவும் பாதையிலேயே உயரமான பான்ஹேண்டில் கேப் கணவாயை ஏறி இறங்கி. ஆகஸ்டிலும் அங்கே பனித்திட்டு இருக்கும். ஒரு வருஷம் அந்த நாளை நான் செய்தேன், ராத்திரி எட்டரை மணிக்கு நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கேம்ப் போய்ச் சேர்ந்தபோது, சாப்பாட்டுப் பையைக் கரடிக் கம்பத்தில் மாட்டத் தூக்கும் அந்த நீளக் கழியைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை, கை நடுங்குகிறது.

அதனால் இந்தியன் பார் எந்த இரவு காலியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அங்கிருந்து முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு போங்கள். சுற்றுப்பாதைதானே, எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். எல்லோரும் சனிக்கிழமை லாங்மையரில் கிளம்புவதால் எல்லோரும் ஒரே அலையாக நகர்கிறார்கள். நீங்கள் திங்கட்கிழமை ஒயிட் ரிவரில் கிளம்பினால், முதல் இரவு சம்மர்லேண்ட், இரண்டாவது இரவு செவ்வாய்க்கிழமை இந்தியன் பார். கஷ்டமானது இரண்டும் முதலிலேயே முடிந்துவிடும். மீதியில் டெவில்ஸ் ட்ரீம், நார்த் புயாலப் மாதிரி யாரும் ஆசைப்படாத கேம்புகள் இருக்கின்றன. டெவில்ஸ் ட்ரீமில் கொசு நம்மைத் தூக்கிக்கொண்டு போகும், ஆனால் இடம் கிடைக்கும்.

இன்னொன்று, நாலு பேரோடு நிறுத்துங்கள். ஐந்து வரைக்கும்தான் தனி இடம், ஆறாவது ஆள் "நானும் வரேன்" என்று சொன்னால் குழு இடம் தேட வேண்டும், அது எல்லா கேம்பிலும் கிடையாது.

அவல் உப்புமா பதில்:

கரடிக்கம்பம் சொன்னதோடு சாப்பாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பெர்மிட் கையில் இருந்தும் வயிறு காயும். முன்பெல்லாம் வடமேற்கில் இருக்கும் மோவிச் ஏரி வரைக்கும் கார் போகும், நடந்து வரும்போது எடுத்துக்கொள்ள அங்கே ஒரு வாளி சாப்பாட்டை முன்கூட்டியே வைத்துவிடலாம். பழைய குறிப்புகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கும், நம்பாதீர்கள். அந்தப் பக்கம் போகிற சாலையில் இருந்த ஃபேர்ஃபாக்ஸ் பாலம் 1921-இல் கட்டியது, துருப்பிடித்துப்போய் 2025 ஏப்ரலில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆகவே லாங்மையரிலும் கிழக்குப் பக்கத்திலும்தான் வாளி வைக்க முடியும். ஒயிட் ரிவரில் கிளம்பினால் நாலாவது நாள் லாங்மையரில் வாளியைத் திறப்பீர்கள், அதற்குப் பிறகு மேற்கும் வடக்கும் முழுக்க ஆறு நாள் சாப்பாட்டை முதுகில்தான் சுமக்க வேண்டும். அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று எடை குறைவாக வையுங்கள். நான் இரண்டு கிலோ முறுக்கு சுமந்தேன், யாரும் சிரிக்க வேண்டாம், மிஸ்டிக் ஏரிக்கு வந்தபோது எல்லாம் தூளாகியிருந்தது, கரண்டியால் சாப்பிட்டோம்.

செப்டம்பர்காரன் பதில்:

நான் லாட்டரிக்கே போடுவதில்லை. கேம்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நேரில் வருபவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள், கிளம்புகிற நாளோ அதற்கு முந்தின நாளோ போய்க் கேட்கலாம். போன முறை செப்டம்பர் இரண்டாம் வாரம், லாங்மையர் அலுவலகம் திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நின்றேன், எனக்கு முன்னால் நாலு பேர். குளிரில் ஃப்ளாஸ்க் காபியைப் பக்கத்து ஆளோடு பங்கு போட்டுக் குடித்தோம். உள்ளே போனதும் ரேஞ்சர் அம்மா திரையை என் பக்கம் திருப்பி, "இடஞ்சுழியாகப் போவீர்களா? மூன்றாம் நாள் கொஞ்சம் நீளமாக நடப்பீர்களா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், இருபது நிமிடத்தில் பெர்மிட் கையில். இத்தனை மணிக்கு இந்த கேம்ப்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு இது ஆகாது. நாலு பேருக்கு லீவு எடுத்து வைத்துக்கொண்டு இப்படிப் போய் நிற்பதும் சூதாட்டம்தான், தனி ஆளுக்குச் சரி.

மழைக்கோட்டு மாமா:

நாலு பேர் லீவையும் சூதாட்டத்தில் வைத்தால் வீட்டில் என்னையே வெளியே வைத்துவிடுவார்கள். ஒருவேளை என் நேரம் வரும்போதும் இந்தியன் பார் கிடைக்காவிட்டால்?

கரடிக்கம்பம் பதில்:

எது முழுசாகக் கோர்க்க முடிகிறதோ அதைப் போட்டுவிடுங்கள், அப்புறம் தேதியை மாற்றலாம். ஏப்ரல் 25 காலை 7 மணிக்கு மீதியை எல்லோருக்கும் திறப்பார்கள், அன்றைக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், டீ ஆறுவதற்குள் நல்ல இடங்கள் போய்விடும். ஆனால் ஜூன், ஜூலையில் ஆட்கள் ரத்து செய்வார்கள், முட்டி வலி, லீவு இல்லை, காதல் முறிந்தது என்று ஆயிரம் காரணம், ஒற்றை ஒற்றை இரவாகத் திரும்பி வரும். நான் சம்மர்லேண்டைப் பிடித்தது அப்படித்தான். எதுவுமே சரிவரவில்லை என்றால் வடகிழக்கில் சன்ரைஸ் என்கிற இடத்தில் கிளம்பி வடக்கு வளையம் என்கிற சின்னச் சுற்றுப்பாதையில் போய் வாருங்கள், சுமார் 33 மைல், மூன்று நாலு இரவு போதும். "முழுசாகச் சுற்றினேன்" என்று சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

மழைக்கோட்டு மாமா, பத்து நாள் கழித்து:

இன்று காலை என் நேரம். இரண்டு லேப்டாப், ஒரு போன், பக்கத்தில் மனைவி. நீங்கள் சொன்ன மாதிரி எக்செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தியன் பாரில் ஆரம்பித்தேன். ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு செவ்வாய் இரவு காலி, அதற்கு முந்தின இரவு சம்மர்லேண்டும் காலி! கை நடுங்க இரண்டையும் கூடையில் போட்டேன். மேப்பிள் க்ரீக், லாங்மையர், டெவில்ஸ் ட்ரீம் எல்லாம் சுலபமாக வந்தன. கோல்டன் லேக்ஸ் மட்டும் இல்லை, சவுத் மோவிச்சும் இல்லை, ஆகவே நார்த் புயாலப்பிலிருந்து மோவிச் ஏரி வரைக்கும் ஒரே நாளில் 15 மைல், கடைசியில் ஏற்றம் வேறு. பெர்மிட் போட்டாகிவிட்டது.

அந்தப் பதினைந்து மைலை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வரைபடத்தில் அந்தப் பக்கம் வரும்போது காபி போடப் போய்விடுகிறேன்.