பிறை இங்க ஏன் தோணி மாதிரிப் படுத்திருக்கு?

வட்டுக்கோட்டையான்:
வணக்கம். பிள்ளையளுக்குச் சந்திரன்ர கலைகளை விளங்கப்படுத்த வேணும். புத்தகப் படத்தில பிறை நேர நிக்குது, எங்கட வானத்தில தோணி மாதிரி மல்லாந்து கிடக்குது. பல்பும் பந்தும் வைச்சுச் செய்து காட்டினால், முழுநிலா வரவேண்டிய இடத்தில பந்து ஒவ்வொருமுறையும் தலை நிழலுக்குள்ள போய் இருண்டுபோகுது. அதைப் பார்த்துப் பிள்ளையள் பூமியின்ர நிழலாலதான் நிலா தேயுது எண்டு முடிவெடுக்கினம். கலண்டரில அட்டமி எண்டு போட்ட நாளிலயும் நிலா சரிபாதியா இல்லை. ஆராவது சொல்லுங்கோ.

தேசிக்காய்:
முதல்ல நிழல். கிரகணம் தவிர மற்ற நேரமெல்லாம் சந்திரன்ர ஒரு பாதியில வெயில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் பாதியில எங்கட பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கு எண்டதுதான் கலை. பிறை தெரியிற நாளில சூரியனும் சந்திரனும் வானத்தில ஒரே பக்கம். பூமியின்ர நிழலோ சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம். பிறகெப்பிடி அது பிறையில விழும்? இதைப் பிள்ளையளிட்டக் கேட்டால் தாங்களே பிடிச்சிடுவினம்.

செய்முறைக்குப் பிங்பொங் பந்து வேண்டாம், வெளிச்சம் ஊடுருவி இருட்டுப் பக்கமும் மினுங்கும். தேசிக்காய் ஒண்டுக்கு வெள்ளைப் பெயின்ற் பூசி, காய்ஞ்ச பிறகு பென்சிலில குத்துங்கோ. மூடியில்லாத ஒற்றைப் பல்ப், கண்மட்டத்தில, 2 மீற்றருக்குக் குறையாத தூரத்தில இருக்கட்டும். ரியூப்லைற் சரிவராது. வெள்ளைச் சுவர் கிட்ட இருந்தால் வெளிச்சம் திரும்பி அடிச்சுப் பிறையைக் கெடுக்கும். பல்பைப் பார்த்து நிண்டு, கையை நீட்டி, தேசிக்காயைக் கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேல பிடிச்சபடி இடப்பக்கமாச் சுத்துங்கோ. கால்வட்டத்தில வலப்பாதி வெளிக்கும், அரைவட்டத்தில முழுநிலா. உங்களுக்குப் பிழைச்சது அந்த ஒரு சாணிலதான்.

அது ஏமாத்து வேலையும் இல்லை. 4 சென்ரிமீற்றர் தேசிக்காய் சந்திரன் எண்டால் பூமி 15 சென்ரிமீற்றர், ஒரு பெரிய தேங்காய். இடைத்தூரம் 4.4 மீற்றர். சந்திரன்ர பாதை 5 பாகை சரிவு, அதால அந்தத் தூரத்தில 40 சென்ரிமீற்றர் வரை மேலயோ கீழயோ விலகும். அங்க பூமியின்ர கருநிழல் 11 சென்ரிமீற்றர் அகலம்தான். அனேகமான பௌர்ணமியில நிலா நிழலில படாமல் போறது இதாலதான்.

பண்ணைக்காத்து:
தோணிக்கு வாறன். வெளிச்ச விளிம்பு எப்பவும் சூரியனைத்தான் பார்க்கும். யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகையில இருக்கு. இங்க சூரியன் ஏறக்குறையச் செங்குத்தா இறங்கும், சந்திரனும் கிட்டத்தட்ட அதே பாதையில பின்னால வரும். பொழுதுபட்ட பிறகு சூரியன் பிறைக்கு அடியில நிக்கிறதால அடிப்பக்கம் வெளிக்குது, கொம்பு ரெண்டும் மேல போகுது. லண்டன் 51.5 பாகை. அங்க சூரியன் சரிஞ்சு இறங்கும், பிறைக்குப் பக்கவாட்டில வெளிச்சம் விழும். புத்தகப் படம் அந்தப் பக்கத்து வானத்துக்குத்தான் பொருந்தும்.

இங்கயும் வருசம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. பெப்ரவரியிலயிருந்து மே வரை தோணி ஏறக்குறைய மட்டம். செப்ரெம்பரில 30 பாகை மட்டில சரிஞ்சு, வாய் தென்பக்கம் பார்க்கும். அமாவாசை கழிஞ்சு ரெண்டாம், மூண்டாம் நாள், பொழுதுபட்டு அரை மணித்தியாலத்தால பண்ணைப் பாலத்தில நிண்டால் மேற்கு வானம் மறைப்பில்லாமல் கிடைக்கும். நாலாம் பிறை பார்க்கக்கூடாதெண்டு வீட்டில தடுத்தால் மூண்டாம் பிறையோட நிப்பாட்டுங்கோ, பாடத்துக்கு அது காணும்.

திதிக்கணக்கு:
அட்டமிக்குக் காரணம் கலண்டர். சூரியனிலயிருந்து சந்திரன் 12 பாகை விலகிற நேரம் ஒரு திதி. வளர்பிறை அட்டமி 84 பாகையில தொடங்கி 96இல முடியும், சரிபாதி வாறது நடுவில, 90இல. கலண்டரில பொதுவாப் போடுறது சூரிய உதயத்தில நிக்கிற திதியை. அட்டமி காலமை 8 மணிக்கு முடிஞ்சுதெண்டால் பின்னேரம் நீங்கள் பார்க்கிறது நவமி நிலா, வயிறு வைச்சுத்தான் இருக்கும்.

பௌர்ணமியும் இப்பிடித்தான். 180 பாகை வாறது அந்தத் திதி முடியிற கணத்தில, அது பட்டப்பகலாயும் இருக்கலாம். போயா லீவைப் பார்த்து முழுநிலா நேரம் குறிக்காதேங்கோ. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடிவு நேரத்தில மணிக்கணக்கா விலகிறதும் உண்டு. கோயிலுக்கு எது எண்டது வேற கதை, வானத்தோட ஒப்பிட்டுப் பார்க்கத் திருக்கணிதத்தை எடுங்கோ.

வட்டுக்கோட்டையான்:
நல்லா விளங்குது, நன்றி. பள்ளிக்கூட நேரத்தில, வெளிச்சத்தோடயே காட்ட ஏதும் வழி இருக்கோ?

தேசிக்காய்:
இருக்கு. தேய்பிறை அட்டமியை ஒட்டின நாள் பாருங்கோ. நிலா நடுச்சாமம் மட்டில உதிச்சு, காலமை ஏழரைக்கு உச்சிக்குக் கொஞ்சம் மேற்கால நிக்கும். அதே தேசிக்காயை வெயிலில நிண்டு, நிலா தெரியிற திசைக்கு நேர, அதுக்குப் பக்கத்தில தெரியிற மாதிரி நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கோ. நிலாவில எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, தேசிக்காயிலயும் அப்பிடியே தெரியும். பல்பும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம்.