கடல் நடுவே ஒரு குடக்கணக்கு

செல்லூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் மகனும் மருமகளும் மலேசியாவின் லங்காவித் தீவருகே, 36 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றையே வீடாக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். சென்ற புரட்டாசியில் இருபத்திரண்டு நாட்கள் அவர்களோடு தங்கினேன். அதுவரை நான் அருகிலிருந்து பார்த்த மிதவை, தை மாதத்தில் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் வலம் வரும் தெப்பம் மட்டுமே.

படகின் நன்னீர்த் தொட்டி 300 லிட்டர் கொள்ளும். இருபது குடம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அதை நிரப்புவதற்கு நங்கூரத்தை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போக வேண்டும் என்பதால், பத்து நாட்களாவது வரும்படி மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டு குடம் என்பதே அங்குள்ள சட்டம். சமையல் தொட்டியில் திருகுகுழாய் கிடையாது. காலால் மிதித்தால்தான் தண்ணீர் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். பாத்திரங்களை வாளியில் மொண்ட கடல்நீரில் தேய்த்துவிட்டுக் கடைசியில் ஒரு தம்ளர் நன்னீரில் அலசுவார்கள். துணிக்கு அந்தத் தந்திரம் செல்லாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால், கடல்நீரில் துவைத்தது எத்தனை வெயிலிலும் பிசுபிசுவென்றே இருக்கும். “அத்தை, உங்களுக்குத் தண்ணீர்தான் கஷ்டமாக இருக்கும்” என்று மருமகள் முதல் நாளே கவலைப்பட்டாள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் அண்டா முதல் சொம்பு வரை பிடித்துவைத்து நாற்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவளிடம் சொல்கிற பேச்சா அது! பத்தாம் நாள் தொட்டியில் இரண்டு குடத்துக்கு மேல் மிச்சமிருந்தது. மழை வந்தால் வெயிலுக்குக் கட்டிய துணிக்கூரையிலிருந்தும் நீர் பிடிப்போம். ஆனால் கூரையில் படிந்த உப்பும் பறவை எச்சமும் கழுவிப் போகும்வரை, முதல் பத்து நிமிட மழையைத் தொட்டிக்குள் விடுவதில்லை.

காலையில் மகன் செய்யும் முதல் வேலை, தரைப்பலகையைத் தூக்கிப் படகின் அடிப்பள்ளத்தைப் பார்ப்பது. அங்கே நீர் கண்டால் விரலில் தொட்டு நாக்கில் வைப்பான். கரித்தால் கடல் எங்கோ உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் தொட்டியோ குழாயோ ஒழுகுகிறது, அல்லது மழை இறங்குகிறது. பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தாலும், இதைவிட விரைவான சோதனை வேறில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டேன்.

சமையலில் என்னை மிகவும் கண்டித்தது எரிவாயு விஷயத்தில்தான். வீட்டில் கசிந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்துவிடலாம். காற்றைவிடக் கனமான அந்த வாயு, படகில் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும், ஒரு பொறி போதும். ஆகவே ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் மேல்தளத்தில் இருக்கும் சிலிண்டரின் வாயையே மூட வேண்டும். அடுப்பு இருபுறமும் அச்சில் தொங்குவதால், படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாது. தோசை மாவைத் தரையில் வைத்துப் பொங்கவிட்டு, பக்கத்தில் போன விசைப்படகின் அலையில் பாதியை இழந்த மறுநாளிலிருந்து, மாவுச்சட்டியையும் அந்த அடுப்பின் மேலேயே ஏற்றினேன்.

கழிப்பறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கைப்பம்பை அடித்தே வெளியேற்ற வேண்டும், முடிந்ததும் கடல்நீர் வரும் வால்வை மறக்காமல் அடைக்க வேண்டும். சுற்றிலும் மீன் துள்ளியும் புரட்டாசி என்பதால் நான் தொடவில்லை. அது தனி வருத்தம்.

மேலூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மா, தாங்கள் எழுதியது நங்கூரமிட்ட படகின் வாழ்க்கை. கோவாவிலிருந்து கொச்சிக்கு ஒரு படகைக் கொண்டுசேர்க்கும் வேலையில் நான் மூவரில் ஒருவனாகச் சென்றேன். ஓடும் படகில் நாளைப் பிரிப்பது சூரியன் அன்று, காவல் முறை: மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. இரவில் தளத்துக்கு வரும் எவரும் இடுப்புவாரைக் கம்பியில் மாட்டாமல் ஓரடி வைக்கக்கூடாது. தூங்கும்போது உருண்டு விழாமலிருக்கப் படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பு ஒன்றை இழுத்துக் கட்டுவோம். எனக்கு மூன்று நாட்களே பெரும் பாடாக இருந்தது. ரூபா, தில்னா என்ற இரண்டே கடற்படைப் பெண் அதிகாரிகள், 56 அடி நீளமுள்ள தாரிணியில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்தாக வேண்டிய அந்தக் கணக்கை நினைத்தாலே எனக்குக் கண் எரிகிறது.

விடியற்காவலில் நிற்பவருக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கயிறுகள் உராய்ந்து நைந்த இடங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே தளத்தைச் சுற்றிவர வேண்டும்; இரவில் துள்ளி விழுந்து செத்துக்கிடக்கும் பறக்கும் மீன்களையும், வெயில் ஏறி நாறுவதற்குள் பொறுக்க வேண்டும். நாங்கள் போனது மாசி மாதம், வாணலியில் பொரித்துவிட்டோம்.