எம்.ஜி.ஆர். சிலையில் பெயிண்ட் நிற்கவில்லை, டிசம்பர் 24 நினைவு நாளுக்குள் வழி வேண்டும்

காட்பாடியில் எங்கள் தெருமுனையில் உள்ள தலைவரின் மார்பளவு சிலை கொப்பளம் கொப்பளமாக உரிகிறது. சிமெண்ட் சிலை, 3 அடி. கீழே 4 அடி செங்கல் பீடம். கூரை கிடையாது.

ஜூலையில் பீடத்துக்குப் புதுப்பூச்சு பூசி, ஒரே வாரத்தில் எனாமல் அடித்தோம். அவசரப்பட்டது தப்பு, பச்சைச் சிமெண்ட்மேல் எனாமல் ஒட்டாது. ஐப்பசி மழையில் மார்பின் கீழ்ப்பகுதி முழுக்க உப்பியது. சுரண்டினால் வெள்ளையாக உப்புப் பொடி. தொப்பி, கண்ணாடி, முகம் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன.

கம்பி பிரஷ் போட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து மறுபடி எனாமல் அடித்தோம். பத்தே நாள், பட்டியோடு சேர்ந்து வந்துவிட்டது. பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்ததில், கீழே உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தது, தோளில் துளி இல்லை. ஆக, ஈரம் பீடத்திலிருந்துதான் ஏறுகிறது. பீடத்தின் மேல்தளம் சரிவில்லாமல் தட்டையாக இருப்பதால் சிலையின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. அதற்குச் சரிவு கொடுத்தாயிற்று, ஆனால் உள் ஈரம் காயவில்லை.

முகத்தில் இனிமேல் கனமாகப் பூச முடியாது. இப்போதே உதட்டோரச் சிரிப்பின் மடிப்பு பாதி மூடிவிட்டது. அந்தச் சிரிப்பு போனால் அது அவர் முகமே இல்லை.

உள்ளே ஈரம் இருக்கும்போதே அடித்து, ஆவி வெளியேற விட்டு, உரியாமல் நிற்கும் பூச்சு எது?