பனி இறங்கினால் விழும் டிரைவ்கள்: தேயிலை ஃபேக்டரி மாட்பஸ் லைன் (குன்னூர்க்காரர் கேள்வி, கோத்தகிரி, ஊட்டிக்காரர்கள் பதில்)

குன்னூர்:
வாட்டுமாடியில (பச்சைத் தேயிலையைக் காத்தடிச்சு வாட வைக்கிற மாடி) டிரஃப் ஃபேனுக்கு 10 டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்துற பெட்டி). எல்லாத்தையும் ஏ, பி-ன்னு ரெண்டு வயர்ல கோக்கிற ஒரே ஆர்எஸ்-485 லைன், அதுல மாட்பஸ் ஆர்டியூங்கிற பேச்சு முறை, செகண்டுக்கு 9600 பிட். வெயில்ல குறை இல்லை. மூடுபனி இறங்கினா 8, 9, 10 மட்டும் கம்யூனிகேஷன் ஃபால்ட்.

கோத்தகிரி:
தம்பி, பிஎல்சி (டிரைவ்களுக்கு ஆர்டர் போடுற கண்ட்ரோலர், இந்த லைனோட மாஸ்டர்) புரோகிராமைத் தொடாதீங்க. எல்லாத்துக்கும் பவர் ஆஃப் பண்ணி, ஏ-பி நடுவுல ஓம்ஸ் பாருங்க. 60 பக்கம் வந்தா ரெண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி அடிக்காம இருக்கப் போடுற ரெசிஸ்டர்) இருக்கு. 120 வந்தா ஒண்ணு காணோம், இல்லை லைன் அறுந்திருக்கு. 40 வந்தா நடு டிரைவ் எதுலயோ டெர்மினேட்டரைச் சேர்க்கிற குட்டி டிப் சுவிட்ச்சை ஆன்ல விட்டிருக்காங்க. 60-க்கும் 120-க்கும் நடுவுல எதுவோ வந்தா ஜாயிண்ட்ல ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கு. அப்போ லைனை நடுவுல பிரிச்சு ரெண்டு பக்கமும் தனியா அளங்க. 120-ஐத் தாண்டுற பக்கம்தான் கோளாறு. அதை மறுபடி பாதியாக்குங்க.

ஊட்டி:
ஓம்ஸ் சரியா வந்தா பவர் கொடுத்து, மாஸ்டரை நிறுத்தி ஏ-பி நடுவுல டிசி வோல்ட் பாருங்க. 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனா லைன் சும்மா இருக்கும்போதே குப்பை பைட் வரும். அப்படின்னா மாஸ்டர் பக்கம் மட்டும் 560 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு போடுங்க, ஒரு வயர்ல இருந்து 5 வோல்ட்டுக்கு, இன்னொரு வயர்ல இருந்து காமனுக்கு (பொது ரெஃபரன்ஸ் வயர்). அப்புறம் மீட்டர் 60-க்கு பதில் 57 பக்கம் காட்டும், பயப்பட வேண்டாம். காமன் வயரும் கூடவே போகணும். ஏ, பி ரெண்டு மட்டும் இழுக்கிற வழக்கம் இங்கே ஜாஸ்தி.

குன்னூர்:
பிஎல்சி முனையில 96. டிரைவ் 7-ல பிரிச்சா பிஎல்சி பக்கம் 120, 8, 9, 10 பக்கம் 480.

கோத்தகிரி:
அப்போ 480 காட்டுற பக்கம்தான் கோளாறு; 8-லயே விழுதுன்னா 7-க்கும் 8-க்கும் நடுவுலதான். டெர்மினலைக் கழட்டுங்க, செம்பு பச்சை பூத்திருக்கும், மேல தேயிலைப் பஞ்சு அப்பியிருக்கும். பஞ்சு ஈரத்தைக் குடிக்குது, அதான் பனியில மட்டும் விழுது. ஸ்ப்ரே அடிச்சு மூடாதீங்க. பச்சை போகிற வரை வயரை வெட்டி, ஃபெரூல் (வயர் முனைக்குப் போடுற உலோகக் குழாய்) கிரிம்ப் பண்ணி இறுக்குங்க. பேனல்ல கேபிள் என்ட்ரி அடியில இருக்கட்டும், கிளாண்ட் (கேபிளைச் சுத்தி இறுக்கி மூடுற வளையம்) போட்டு. தெர்மோஸ்டாட்டோட சின்ன ஹீட்டர் ஒண்ணு வச்சா இன்னும் நல்லது.

குன்னூர்:
பேசாம ஈதர்நெட் கேபிள்ல ஓடுற மாட்பஸ் டிசிபிக்கு மாத்திடலாமான்னு மேனேஜர் கேக்கிறார்.

ஊட்டி:
இதே ஈரத்துல ஆர்ஜே-45 (சாதா நெட்வொர்க் கேபிள் பிளக்) பின் இதைவிட சீக்கிரம் கருக்கும். மாத்தினா எம்12 (திருகி மூடுற வட்ட) கனெக்டர் வாங்குங்க. காப்பர் ஒரு ஓட்டம் 100 மீட்டர்தான். ஓடைப் பம்ப் ஹவுஸுக்கு காப்பர் இழுக்கவே வேண்டாம், இடி வந்தா ரெண்டு பக்கப் போர்ட்டும் போகும். அதுக்கு ஃபைபர், அதுவும் இரும்புக் கவசம் இல்லாதது.